சிவப்புத் தண்ணீர்

என் அப்பா தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளத்தில் முப்பத்து நாலு வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். கணக்கப்பிள்ளை என்றதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேரேடு எழுதுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. கிழக்கு வெளுக்கும் முன்பே அளத்துக்குப் போய்விடுவார். வரப்பு வரப்பாக நடந்து, ஒவ்வொரு பாத்தியிலும் தண்ணீரை ஒரு குவளையில் மொண்டு, அதில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்க விட்டு, அது எவ்வளவு தூரம் முழுகுகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். "பதினெட்டு டிகிரி", "இருபத்திரண்டு டிகிரி" என்பார். தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதற்கு அந்தக் கணக்கு. கடல் தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். அதைத் தெப்பத்தில் கட்டி, இடம் மாற்றி மாற்றி வெயிலில் காயவிட்டு, இருபத்தைந்து டிகிரி ஏறினால்தான் உப்பு பூக்கும். முப்பதைத் தொட்டுவிட்டால் மிச்சம் நிற்பது வெறும் கசப்புத் தண்ணீர். அதை வெட்டி வெளியே விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் உப்பும் கசந்து போகும்.

பள்ளிக்கூட விடுமுறையில் நானும் சில நாள் அவரோடு போயிருக்கிறேன். இருபது டிகிரிக்கு மேல் ஏறிய இடங்களில் தண்ணீர் சிவந்து கிடக்கும். ஓரிடத்தில் ரோஜா நிறம், ஓரிடத்தில் செங்கல்லைக் கரைத்து விட்டாற்போல். வெயில் ஏறிய பிறகு அதைப் பார்த்தால் கண் கூசும்.

"ஏம்ப்பா செவப்பா இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"உப்பு வெளையப் போகுதுல்லா, அதான்" என்றார் அப்பா. அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. அவருக்கும் அதற்கு மேல் தெரிந்திருக்கவில்லை.

பிற்காலத்தில் நான் நாவலாசிரியன் ஆனேன். ஆனவன் சும்மா இருந்தேனா? உப்பளத்தை வைத்து ஒரு நாவல் எழுதினேன். வெடித்த கால்களோடு உப்புக் கூடையைத் தலையில் சுமந்து நடக்கும் பெண்களைப் பற்றி அதில் எழுதியிருப்பதெல்லாம் கண்ணால் கண்ட உண்மைதான். ஆனால் ஓர் அத்தியாயத்தின் முடிவில் பேனா என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தப் பாத்திகள் சிவந்து கிடந்ததற்குக் காரணம் தொழிலாளரின் ரத்தம் என்கிற பாவனையில் ஒரு வாக்கியம் எழுதி, பெருமூச்சு விட்டு, முற்றுப்புள்ளி வைத்தேன். இரண்டு விமரிசகர்கள் அந்த வாக்கியத்தை எடுத்துக் காட்டிப் பாராட்டினார்கள். மூன்றாவதாக ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலே வரி. "தண்ணீர் சிவந்ததற்குத் தாங்கள் கூறும் காரணம் பொருந்தாது. அதில் உயிர்கள் இருக்கின்றன. நேரில் வந்தால் காட்டுகிறேன். வரும்போது ஒரு சீசா பாத்தித் தண்ணீர் கொண்டுவரவும்."

விமரிசனம் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்! சீசாவோடு போனேன்.

என் விஞ்ஞான ஞானத்தைப் பற்றி இங்கே சொல்லிவிடுவது நல்லது. கல்லூரியில் நான் இருந்தது இரண்டே வருஷம். அதில் பாதி நேரம் கதைப் புத்தகங்களில் போயிற்று. விலங்கியலில் எனக்கு நினைவிருப்பது ஒரு படம்தான். பாரமீசியம் என்று ஒரு ஜீவன். உடம்பு முழுவதும் ஒரே ஓர் அணு. நம்மைப்போல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனதல்ல. செருப்பு மாதிரி வரைந்து, சுற்றிலும் மயிர் போட்டு, உள்ளே இரண்டு நட்சத்திரம் வரைய வேண்டும். நட்சத்திரம் இல்லாவிட்டால் ஒரு மார்க் போய்விடும். அதற்காக வரைந்தேனே தவிர, ஒரு செருப்புக்குள் நட்சத்திரத்துக்கு என்ன வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

பேராசிரியர் முதலில் என் சீசாவைத் தொடவே இல்லை. தம் வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு சொட்டுப் பாசித் தண்ணீரை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் விட்டு, பூதக்கண்ணாடியின் கீழே வைத்தார். பஞ்சு இழை இரண்டைப் பிரித்துப் போட்டு அதற்குள் ஒரு பாரமீசியத்தை மடக்கினார். "இப்ப பாருங்க" என்றார்.

நான் வரைந்த நட்சத்திரம் அங்கே உயிரோடு இருந்தது! நடுவில் ஒரு சிறு வட்டம். அதைச் சுற்றிக் கதிர்போல் வாய்க்கால்கள். வாய்க்கால் நிறைகிறது, வட்டம் பெருக்கிறது, சட்டென்று சுருங்கி மறைகிறது. மறுபடியும் வாய்க்கால் நிறைகிறது. செருப்பின் இன்னொரு முனையில் இருப்பதும் அதே வேலையைச் செய்கிறது. கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். பத்துப் பன்னிரண்டு விநாடிக்கு ஒரு தடவை.

"இதயமா?" என்று கேட்டேன்.

"பதினெட்டாம் நூற்றாண்டிலே ஸ்பல்லான்சானின்னு ஒரு இத்தாலியப் பாதிரியார் இதைப் பார்த்துட்டு மூச்சு விடுற உறுப்புன்னு நெனச்சார். நீங்க இதயம்னு நெனக்கிறீங்க. இது ரெண்டும் இல்லை. தண்ணி இறைக்குது."

தண்ணீரில் வாழ்கிற பிராணி எதற்காகத் தண்ணீர் இறைக்க வேண்டும்? இதற்கு அவர் தந்த விளக்கம் நம் சமையலறையிலேயே இருந்தது. மாவடுவில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் வடு சுருங்கித் தண்ணீர் விட்டுக்கொள்கிறது. உலர்ந்த திராட்சையை வெறும் தண்ணீரில் போட்டால் ஊதிப் பருக்கிறது. மெல்லிய தோல் ஒன்று நடுவே இருந்தால், உப்போ சர்க்கரையோ எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். சவ்வூடு பரவல் என்று பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரு பெயர் சொன்னார்கள். பெயரை மட்டும் ஞாபகம் வைத்திருந்தேன். குளத்துத் தண்ணீரைவிடப் பாரமீசியத்தின் உடம்புக்குள் உப்பும் பிற சரக்கும் அதிகம். ஆகவே எந்நேரமும் வெளித்தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. திராட்சைக்காவது கனத்த தோல் உண்டு. இதற்கு இருப்பது உடைந்துவிடக்கூடிய ஒரு சவ்வு. வந்த தண்ணீரை இறைத்து வெளியே தள்ளாவிட்டால் வீங்கி வெடித்துச் சாக வேண்டியதுதான். ஒரு மணி நேரத்துக்குள் தன் உடம்பளவு தண்ணீரை அது இறைத்துவிடுகிறது. ஓட்டைத் தோணியில் உட்கார்ந்துகொண்டு பிறந்ததுமுதல் இறைத்துக்கொண்டே இருக்கிறவனை நினைத்துக்கொள்ளுங்கள்.

பேராசிரியர் சில்லின் ஓரத்தில் கொஞ்சம் உப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தார். நட்சத்திரம் நிதானப்பட்டது. பதினைந்து விநாடி, இருபது, முப்பது. வெளியிலும் உப்பு இருப்பதால் உள்ளே வருகிற தண்ணீர் குறைந்துவிட்டது; இறைக்கிற வேலையும் குறைந்துவிட்டது. கடலில் வாழும் ஓரணு உயிர்களில் பலவற்றுக்கு இந்த ஏற்றமே கிடையாது என்றார். இன்னும் ஒரு சொட்டு விட்டார். செருப்பு வதங்கி, மடிந்து, நின்றுவிட்டது.

அதற்கு அப்புறம்தான் என் சீசாவைத் திறந்தார்.

பாத்தித் தண்ணீர் ஒரு சொட்டு. பாரமீசியத்தைவிட எவ்வளவோ சிறிய உருண்டைகள் ஆரஞ்சு வர்ணத்தில் நீந்திக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இருக்கும். முன்னால் இரண்டு சாட்டை. அவற்றை வீசி வீசி, ஒருவிதக் குஷியோடு, மாவடுவைச் சுண்ட வைக்கும் உப்புக்குள் போய்க்கொண்டிருந்தன. இதன் பெயர் டுனலியெல்லா. பிரான்ஸில் மான்பெலியே பக்கத்து உப்பளங்களில் 1838-இல் இதைக் கவனித்தவர் டுனால் என்பவர். 1905-இல் ருமேனியாவைச் சேர்ந்த டியோடரெஸ்கோ அவர் பெயரையே இதற்கு வைத்தார். உண்மையில் இது பச்சைப் பாசி வகை. வெயிலும் உப்பும் ஏற ஏற, காரட் கிழங்குக்கு நிறம் கொடுக்கிறதே, அதே சத்தைத் தன் உடம்பில் சேர்த்துக்கொண்டு வெயிலுக்குக் குடை பிடித்துக்கொள்கிறது. அதனால் இந்தச் சிவப்பு.

மற்றப் பாசிகளுக்கு இருப்பதுபோன்ற கெட்டியான சுவர் இதற்குக் கிடையாது. வெறும் சவ்வுதான். பின்னே எப்படி மாவடு மாதிரி வதங்காமல் இருக்கிறது? வெளியே உப்பு ஏறுகிறபோது முதலில் இதுவும் சுருங்கத்தான் செய்கிறது. சுருங்கிய உடனே, தன்னிடம் இருக்கும் மாவுப் பொருளைக் கரைத்துக் கிளிசரின் தயாரிக்க ஆரம்பிக்கிறது. ஆமாம், நம் சினிமா நட்சத்திரங்கள் கண்ணீர் விடுவதற்கு உபயோகிக்கும் அதே கிளிசரின்தான். வெளியே உப்பு எவ்வளவோ, அதற்கு ஈடாக உள்ளே கிளிசரின். இரண்டு பக்கமும் சமம் ஆனதும் போன தண்ணீர் திரும்பி வருகிறது. உருண்டை பழையபடி உருள்கிறது. சுருங்குவதற்குச் சில நிமிஷம். சரியாவதற்குச் சில மணி நேரம். வெளியே உப்பு குறைந்தால் இந்த வேலை தலைகீழாக நடக்கிறது. ஊதிப் போகும், கிளிசரினை மறுபடி மாவுப் பொருளாக மாற்றி மூட்டை கட்டி வைக்கும், வடியும். கிளிசரினுக்கு இந்த வேலை என்பதை 1973-இல் இஸ்ரேலில் பென்-அமோட்ஸ், அவ்ரான் என்ற இருவர் விளக்கிக் காட்டினார்கள்.

சிவப்புக்கு முழுப் பொறுப்பும் டுனலியெல்லாவுக்கு இல்லை. அதைவிடப் பொடியான ஜீவன்கள் கோடிக்கணக்கில் அந்தச் சீசாவில் இருந்தன. என் கண்ணுக்கு அவை தூசியாகத்தான் தெரிந்தன. ஹாலோபாக்டீரியம் முதலிய இனங்கள். பாத்தி நன்றாகச் சிவப்பது இவற்றால்தான். இவை கிளிசரின் பண்ணுவதில்லை. வெளியே உப்பா, உள்ளேயும் உப்பை நிரப்பு என்பது இவற்றின் வழி. சோடியம் உப்புக்குப் பதில் பொட்டாசியம் உப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த உப்பிலேயே பழகிப்போய், உப்பு இல்லாமல் உடம்பு நிற்காது என்ற நிலைக்கு வந்துவிட்டன. நல்ல தண்ணீரில் போட்டால் உடைந்து கரைந்துவிடும். பாத்தியில் உப்புக் கல் விளையும்போது அதற்குள் சிக்கும் துளித் தண்ணீரில் இவையும் சிக்கிக்கொண்டு உயிரோடு இருக்கும். கருவாடு சில சமயம் சிவந்து கெட்டுப்போகிறதே, அது இவற்றின் கைங்கரியம்தான்.

இன்னொன்றும் சொன்னார். சிவந்த தண்ணீர் வெள்ளைத் தண்ணீரைவிட வெயிலை அதிகமாக வாங்கிக்கொள்கிறது, சீக்கிரம் சூடேறுகிறது, சீக்கிரம் வற்றுகிறது. ஆகவே உப்பு விளையப் போவதற்கு அது அடையாளம் மட்டுமல்ல, ஓரளவு காரணமும்கூட. அப்பா சொன்னதில் தப்பில்லை. தப்பு நான் எழுதியதில்தான்.

அன்று அவர் மூன்று சிறு சீசாக்களில் என் தண்ணீரைப் பங்கிட்டார். முதலாவதில் நாலு பங்கு நல்ல தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினார். இரண்டாவதில் அதே அளவு தண்ணீரைத் தினம் ஒரு கரண்டியாகப் பதினைந்து நாள் ஊற்றப் போவதாகச் சொன்னார். மூன்றாவதில் ஒன்றும் சேர்க்காமல் மூடி, "இது உங்க நாவலுக்கு" என்று என்னிடம் கொடுத்தார். பதினைந்து நாள் கழித்துப் போனேன். முதல் சீசாவில், ஊற்றின அன்றே டுனலியெல்லாக்களில் பெரும்பாலானவை ஊதி வெடித்துவிட்டன. அவற்றின் மிச்சம் அடியில் வண்டலாகக் கிடந்தது. இரண்டாவதில் அவை சாட்டையை வீசிக்கொண்டு நீந்தின. இரண்டு சீசாவிலும் இப்போது ஒரே தண்ணீர், ஒரே உப்பு. அந்தப் பொடி ஜீவன்களோ இரண்டிலும் மிஞ்சவில்லை. கரண்டி கரண்டியாக ஊற்றினாலும் அவற்றுக்கு ஒன்றுதான்.

நம் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் திடீரென்று மழைத்தண்ணீரில் போய் விழுந்தால் என்ன செய்யும் என்று கேட்டேன். சவ்வு இழுபடும்போது திறந்துகொள்ளும் மதகுகள் அவற்றுக்கு உண்டாம். நொடிப் பொழுதில் உள்ளே இருக்கும் சரக்கையெல்லாம் கொட்டிவிட்டு உயிர் தப்பும். 1994-இல் அமெரிக்காவில் விஸ்கான்சின் சர்வகலாசாலையில் அந்த மதகு ஒன்றைக் கண்டுபிடித்துப் பிரித்தெடுத்தார்கள். புயலில் தோணிக்காரர்கள் மூட்டைகளைக் கடலில் தள்ளுவார்கள் என்று எங்கள் ஊர்க் கிழவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது போலத்தான்.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "முப்பத்து நாலு வருசம் அந்தத் தண்ணியில நின்னிருக்கேன். ஒண்ணுகூட என்னைக் கடிச்சதில்லையே!" என்றார். சீசாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இருபத்துமூணு இருக்கும்" என்று ஜன்னலில் வைத்தார்.

2023 டிசம்பரில் மழை வந்தது. தென் ஜில்லாக்காரர்களுக்கு அதை நினைவூட்ட வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. வருஷம் முழுவதும் பெய்ய வேண்டியதைவிட அதிகம். தண்ணீர் வடிந்து சாலை திறந்த பிறகு அப்பா அளத்தைப் பார்க்க வேண்டும் என்றார். வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியும் அவருக்கு அது இன்னும் "நம்ம அளம்"தான். கூட்டிக்கொண்டு போனேன். வரப்பு, பாத்தி, தெப்பம் ஒன்றும் இல்லை. அடிவானம் வரைக்கும் ஒரே கலங்கல். ஓலையும் தார்ப்பாயும் போட்டு மூடியிருந்த உப்பு அம்பாரங்கள் கரைந்து குழைந்து, நனைந்த நாய்கள் படுத்திருப்பதுபோல் தெரிந்தன. அப்பா குனிந்து, ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தார்.

"ஒரு டிகிரிகூட இல்லை" என்றார்.

எனக்கு முதல் சீசா ஞாபகம் வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. அளத்துக்காரர்களின் நஷ்டத்தைப் பேசிக்கொண்டே திரும்பினோம். ஆனால் அவர் சொன்னது நடந்தது. "பங்குனியில பாரு, செவந்திரும்" என்றார், செவந்தது. அடியில் கரையாமல் தங்கிய உப்பிலும், மண்ணிலும், உறங்கிக் கிடந்த விதைகள் போதும் போலிருக்கிறது.

இனிச் சொல்லப் போவதை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு. அதற்கு ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தார். சிறுநீரை அதிகமாகப் போக்கும் மாத்திரை. உப்பு ஆகாது என்று எங்கேயோ படித்துவிட்டு, வீட்டில் நான் ஒரு சட்டம் போட்டேன். அவருக்கு வைக்கும் குழம்பில், ரசத்தில், மோரில் உப்பு கூடாது. கருவாடு வாசல்படி ஏறக் கூடாது. டாக்டர் சொன்னது குறைக்கும்படி. நான் செய்தது அடியோடு நிறுத்தியது. என் மனைவி, "மாமா பாவம், ரெண்டு கல்லாவது போடுறேனே" என்று கேட்டுப் பார்த்தாள். நான் விடவில்லை. மறு வருஷம் அக்கினி நட்சத்திரம் வந்ததும் இரண்டாவது சட்டம்: வெயில் கடுமை, மணிக்கு ஒரு செம்பு தண்ணீர் குடிக்க வேண்டும். அப்பா உப்பில் ஊறிய மனிதர். ஆனாலும் மகன் படித்தவன் என்பதால் கீழ்ப்படிந்தார். பகல் முழுக்க வெட்டிவேர் போட்ட தண்ணீரைக் குடித்தார்.

முதலில் பசி போயிற்று. அப்புறம் நடை தள்ளாடிற்று. ஒரு நாள் காலையில் என்னைப் பார்த்து, செத்துப்போன ஒரு கங்காணியின் பெயரைச் சொல்லி, "மடையைத் தொறந்து விட்டாச்சா?" என்று கேட்டார். மத்தியானத்துக்குள் எழுப்பினாலும் எழுந்திருக்காத தூக்கம். ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்தார்கள். சோடியம் நூற்று முப்பத்தைந்துக்குக் குறையக் கூடாது. அப்பாவுக்கு நூற்றுப் பன்னிரண்டு இருந்தது.

டாக்டர் இளம் பெண். என்னென்ன சாப்பிட்டார், எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று விசாரித்தார். சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. மாத்திரைதான் முக்கியக் காரணம், தண்ணீரும் சேர்ந்துகொண்டது, வயதானவர்களுக்கு இது அடிக்கடி வருகிறது என்று எனக்காகச் சொன்னார். மாத்திரையை நிறுத்தி, குடிக்கிற தண்ணீரைக் கட்டுப்படுத்தி, உப்புத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றத் தொடங்கினார்கள். எனக்கு அந்த வேகம் போதவில்லை. குறைந்தது உப்பு, கொடுக்க வேண்டியது உப்பு, அதில் என்ன நிதானம்? சாயங்காலம் அவரைத் தேடிப் போய், "கொஞ்சம் சீக்கிரமா ஏத்தக் கூடாதா, டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஒரு நாளைக்கு எட்டுக்கு மேலே ஏறக் கூடாது, சார்" என்றார்.

அன்று இரவு பேராசிரியர் வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த எட்டுக்கு அர்த்தம் அவர்தான் சொன்னார். ரத்தத்தில் உப்பு குறையும்போது மூளையின் உயிரணுக்கள் குளத்துப் பாரமீசியத்தின் கதியை அடைகின்றன. தண்ணீர் உள்ளே வருகிறது, வீங்குகின்றன. கபாலத்துக்குள் வீங்க ஏது இடம்? அதனால் ஒன்றிரண்டு நாளில் தங்களிடம் இருக்கும் பொட்டாசியம் முதலிய சரக்கை வெளியே தள்ளி, உள்ளேயும் குறைத்துக்கொண்டு, ஒருவாறு சமாளித்துவிடுகின்றன. அந்த நிலையில் வெளியே உப்பைத் திடுதிப்பென்று ஏற்றினால்? தள்ளிய சரக்கைத் திரும்பச் சேர்க்க அவற்றுக்கு நாள் வேண்டும். அதற்குள் தண்ணீரை இழந்து சுருங்கிவிடும். நரம்புகளின் உறை கழன்றுவிடும். 1959-இல் அமெரிக்க டாக்டர்கள் மூவர் இப்படிச் சிதைந்த மூளைகளை விவரித்து எழுதினார்கள். உப்பை வேகமாக ஏற்றியதுதான் காரணம் என்பது அதற்கும் பல வருஷம் கழித்துத்தான் தெளிவாயிற்று. அந்த நோயாளிகள் விழித்துக்கொண்டார்கள், நன்றாகப் பேசினார்கள், சில நாள் கழித்துக் கை கால் விழுந்து, வாய் பேசாமல் கிடந்தார்கள்.

"ரெண்டாவது சீசா" என்றேன் நான்.

"ஆமா. கரண்டி கரண்டியாத்தான்" என்றார்.

இவ்வளவும் கேட்ட பிறகு நான் திருந்தியிருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு நர்ஸ் ஒரு சீட்டைக் கொண்டுவந்தாள். நூற்று இருபத்திரண்டு! அப்பாவும் சற்றுக் கண்ணைத் திறந்து உதட்டை நனைத்துக்கொண்டார். எனக்குக் கை கூப்பத் தோன்றியது. நர்ஸோ ஓடிப்போய் டெலிபோனை எடுத்தாள். அரை மணிக்குள் டாக்டர் அவிழ்ந்த தலையை முடிந்துகொண்டு வந்தார். மாத்திரை நின்றதும் சிறுநீரகம் தேங்கிய தண்ணீரையெல்லாம் வெள்ளமாகக் கொட்டிவிட்டதாம். உப்புத் தானாகவே ஏறிவிட்டது. ஒரு நாள் ஆவதற்குள்ளேயே பத்து. அவர் உப்புத் திரவத்தை நிறுத்திவிட்டு, உப்பே இல்லாத வேறு திரவத்தை மாட்டினார். அப்பாவின் ரத்தத்தில் மறுபடி தண்ணீரைக் கலக்கிறார்! தண்ணீரால் வந்த வினைக்குத் தண்ணீரே மருந்தாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். முந்திய மாலையில் என் பேச்சைக் கேட்டு அந்தப் பெண் வேகத்தைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணினேன். உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் நூற்று இருபது. மறு நாள் நூற்று இருபத்தாறு. மூன்றாம் நாள் காலை டாக்டர் கட்டிலருகே நிற்க, நர்ஸ் சீட்டைப் பார்த்து, "நூத்தி முப்பத்தொண்ணு" என்று சொன்னாள்.

"எது?" என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல். மூன்று நாளில் முதல் தெளிவான வார்த்தை.

"உங்க உப்புதான், தாத்தா" என்றார் டாக்டர்.

அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரைப் பார்த்தார். "நூத்தி முப்பதா? அவ்வளவு டிகிரி எந்த அளத்திலயும் கிடையாதும்மா. முப்பதுக்கு மேலே போனாலே கசப்புத் தண்ணி. வெட்டி விட்டிருங்க" என்றார்.

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனசு இன்னும் தெளியவில்லையோ என்று கவலையோடு என்னைப் பார்த்தார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வராந்தாவுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். கிளிசரின் இல்லாமலே காரியம் நடந்தது.

ஒரு மாதம் வரைக்கும் பயந்துகொண்டே இருந்தோம். கை விழவில்லை, கால் விழவில்லை. இப்போது அவருக்கு வேறு மாத்திரை. உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிற சீட்டு என் மனைவியிடம் இருக்கிறது. என்னை அந்தப் பக்கம் விடுவதில்லை. ரசத்தை வாயில் வைத்ததும் அப்பா, "ரெண்டு டிகிரி கம்மி" என்கிறார், ஆனாலும் சாப்பிடுகிறார்.

போன வாரம் பேராசிரியர் வீட்டுக்கு வந்திருந்தார். ஜன்னலில் இருந்த மூன்றாவது சீசாவின் மூடி எப்போதோ தளர்ந்துபோய், தண்ணீர் கால்வாசிக்கு வற்றியிருந்தது. மிச்சம் இருந்தது ரத்தச் சிவப்பு. அடியில் சதுரம் சதுரமாக உப்புக் கல். அவர் அதை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்லுக்குள்ளும் சிவப்பு தெரிந்தது. அப்பா திண்ணையில் இருந்தபடியே கையை நீட்டி அதை வாங்கி, லேசாக ஆட்டிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு வெயில் காயட்டும், சார்" என்றார். "அப்புறம் வாரிரலாம்."